சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பொதுமக்கள் பங்கேற்பு

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பொதுமக்கள் பங்கேற்பு என்பது, சுரங்கம், அணை, அனல்மின் நிலையம் போன்ற திட்டங்கள் தொடங்கும் முன், அவற்றால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் கருத்துகளைக் கேட்டுப் பதிவு செய்து, ஒப்புதல் முடிவில் கணக்கில் கொள்ளும் நடைமுறை ஆகும். இது வாக்கெடுப்பு அன்று. கூட்டத்துக்கு வந்த அனைவரும் எதிர்த்தாலும், திட்டத்துக்கு ஒப்புதல் வழங்க இந்தியச் சட்டம் இடமளிக்கிறது.

பின்னணி

தாக்க மதிப்பீட்டை முதலில் சட்டமாக்கிய நாடு ஐக்கிய அமெரிக்கா. அதன் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 சனவரி 1 அன்று கையொப்பமானது. 1992ஆம் ஆண்டின் ரியோ சாற்றுரை, தன் பத்தாவது கொள்கையில் மக்களின் தகவல் பெறும் உரிமையையும் முடிவெடுப்பில் பங்கேற்பதையும் வலியுறுத்தியது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1994இல் முதல் அறிவிக்கை வந்தது. மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமானது 1997 ஏப்ரல் திருத்தத்தில்தான்.

இந்தக் கால வரிசையின் விளைவைக் கூடங்குளத்தில் காணலாம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் இரு அலகுகள் 1989இலேயே ஒப்புதல் பெற்றுவிட்டதால், அவற்றுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. அது தேவையில்லை என்ற நிலைப்பாட்டை நீதிமன்றங்களும் ஏற்றன. அடுத்த அலகுகளுக்கான கூட்டம் 2007இல் நடந்தது.

நடைமுறை

தற்போதைய நடைமுறைக்கு அடிப்படை 2006 செப்டம்பர் 14 நாளிட்ட அறிவிக்கை. அதன்படி கலந்தாய்வுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: திட்ட இடத்திலோ அதன் அருகிலோ நடக்கும் நேரடிக் கூட்டம், எழுத்து வழியாக அனுப்பும் கருத்துகள். கூட்டத்தை மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாகிறது. முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை ஏதும் கிடையாது; பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும்.

மக்கள் எழுப்பிய கேள்விகளுக்குத் திட்ட நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும். அதை நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்கிறது. கோவாவின் சுரங்கத் திட்டம் ஒன்று தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் (2009), மக்களின் ஆட்சேபங்களை ஏற்கவோ மறுக்கவோ குழு காரணம் பதிவு செய்ய வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் எழுத வேண்டும் என்றால்தான் கேட்டதற்குப் பொருள் உண்டு என்பதால், இத்துறையில் இது முக்கியமான தீர்ப்பு.

குறைகள்

மக்கள் அழைக்கப்படும் நேரமே பெரிய குறை. எவற்றை ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரையறை மக்களைக் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது. வரைவு அறிக்கை தயாரான பிறகே கூட்டம் நடக்கிறது. மீனவர்கள் தங்கள் மீன்பிடி இடம் அறிக்கையில் விடுபட்டிருப்பதை அப்போதுதான் அறிய நேரிடும். சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைத்தாலும், பல நூறு பக்க முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

விலக்குகளும் பல. பி2 வகைத் திட்டங்கள், கட்டுமானத் திட்டங்கள், தேசப் பாதுகாப்பு சார்ந்தவை ஆகியவற்றுக்குக் கலந்தாய்வு தேவையில்லை. உள்ளூர்ச் சூழலில் மக்கள் சுதந்திரமாகப் பேச இயலாது என்று அதிகாரிகள் அறிக்கை அளித்தால், கூட்டத்தையே தவிர்க்கவும் வழி உண்டு. மக்கள் அச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் கூட்டம் இல்லாமல் போகலாம் என்பது இந்த விதியின் முரண்.

மக்களின் சொல் முடிவாகவே அமைந்த எடுத்துக்காட்டு ஒடிசாவின் நியமகிரி. அங்கு பாக்சைட் சுரங்கத் திட்டம் குறித்து 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கூடிய 12 கிராம சபைகளும் அதை நிராகரித்தன. திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் அது நடந்தது வன உரிமைச் சட்டத்தின் வழியே. தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வழியே அன்று.

2020 வரைவு

2020இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கை, 30 நாள் கால அளவை 20 நாளாகக் குறைக்க முன்மொழிந்தது. மக்கள் கருத்தைக் கேட்க வெளியிட்ட அந்த வரைவே பெரும்பாலான மாநிலங்களின் மொழிகளில் இல்லை. தில்லி உயர் நீதிமன்றம் 2020 சூன் 30 அன்று, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடுமாறு கூறி, கருத்து தெரிவிக்கும் காலத்தை ஆகத்து 11 வரை நீட்டித்தது.