மோட்டார் வண்டிப் பாட்டரியின் ஆயுள்

நேற்று மாலை வரை நன்றாக ஓடிய வண்டி, இன்று காலை சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. வாங்கி இரண்டரை ஆண்டுதானே ஆயிற்று, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஆசிரிய நண்பர்கள் குறைப்படுவதுண்டு. அவர்மீது பழி போடுமுன் பாட்டரியின் இயல்பைச் சற்று அறிதல் நலம்.

1859-ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த ஈய மின்கலத்தின் வழிவந்ததே இன்றைய பாட்டரி. ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகளும் ஈய டைஆக்சைடுத் தகடுகளும் நிற்கின்றன. மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படியும். மின்னேற்றினால் அது பழைய நிலைக்குத் திரும்பும். மின்னேற்றாமல் நெடுநாள் விட்டால் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு கரைவது அரிது.

குளிர்நாடுகளில் பாட்டரி பெரும்பாலும் பனிக்காலத்தில் கைவிடுவதால், குளிரே அதன் பகை என்று பலர் எண்ணுகின்றனர். குளிர் அதன் வலுவைத் தற்காலிகமாகக் குறைக்கிறது, எஞ்சின் எண்ணெயையும் தடிப்பாக்குகிறது, அவ்வளவே. உள்ளே அரித்தது முந்தைய கோடை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இரசாயன வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர். நேர்மின் தகட்டின் சட்டம் விரைவில் அரிபடுகிறது, நீரும் வற்றுகிறது. நமக்கோ ஆண்டு முழுவதும் கோடை! அங்கே நான்கைந்து ஆண்டு உழைப்பது இங்கே இரண்டு மூன்று ஆண்டில் ஓய்வது இதனால்தான். மேலும், அங்கே எஞ்சின் திணறி முன்கூட்டியே எச்சரிக்கும். இங்கே எளிதில் கிளம்புவதால், நலிந்த பாட்டரி கடைசி நாள் வரை தன் நோயை மறைத்துக்கொள்கிறது.

வெப்பத்தை நம்மால் மாற்ற இயலாது; பழக்கத்தை மாற்றலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர்; அதற்கும் வண்டி. (நானும் இதற்கு விலக்கல்ல.) இத்தகைய குறுகிய ஓட்டத்தில் பாட்டரி முழுமையாக மின்னேறுவதில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைப்பது அதனினும் கேடு. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் மின்சாரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும். வாரம் ஒருமுறை அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டுக; இயலாவிடின் எதிர்மின் கம்பியைக் கழற்றி வைக்கலாம். மூடி திறக்கக்கூடிய பாட்டரியானால், தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது.

சில மணி நேரம் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4-க்குக் கீழே இறங்கினால் மின்னேற்றுக. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் பட்டறையில் பாரம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லவும் வேண்டும். வோல்ட் சரியாயிருந்தும் பாரம் தாங்காத பாட்டரிகள் உண்டு.