முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடலாமா?

"முகப்பரு ஒரு நோயா? வயசுக் கோளாறு, தானே போய்விடும்" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பாட்டிமார்களும் உண்டு.

பலருக்குத் தானே போய்விடுவது உண்மைதான். ஆனால் சிலருக்குப் பரு போகும்; பள்ளம் போகாது!

அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் ஒரு மாத்திரை தருகிறார்கள். அதன் பெயர் 'ஐசோட்ரெட்டினாயின்'. மற்ற மருந்துகளுக்கு அடங்காத பருவும் அதற்கு அடங்கும். அதே மாத்திரை, வயிற்றில் வளரும் குழந்தையை உருக்குலைத்துவிடவும் கூடும்.

அப்படியானால் அதைச் சாப்பிடலாமா, கூடாதா?

பரு ஏன் வருகிறது?

நம் தோலுக்குள் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் எண்ணெய், மயிர்க்கால் வழியாக வெளியே வந்து தோலை மெருகாக வைக்கிறது.

பருவ வயது வந்ததும் உடம்பில் சில ஹார்மோன்கள் பெருகுகின்றன. எண்ணெய் அதிகமாக ஊறுகிறது. உதிர்ந்த தோல் துணுக்குகள் எண்ணெயோடு கலந்து வாசலை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அங்கே சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கிறது. இதுதான் பரு.

ஆகவே, முகத்தைச் சரியாகக் கழுவாததால் பரு வருகிறது என்று பிள்ளைகளைத் திட்டுவது தவறு. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால் தோல் புண்ணாகும், பரு போகாது.

மூன்று வகை

பருவை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

கரும்புள்ளிகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பருக்களும் இருந்தால், அது லேசானது.

சிவந்த பருக்களும், சீழ் வைத்த பருக்களும் முகத்தில் பல இடங்களில் இருந்தால், அது நடுத்தரமானது.

தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக எழும்பி வலித்தால், அது கடுமையானது.

கடுமையான பருவுக்கு மாத்திரை தேவைப்படும் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை. குழப்பம் எல்லாம் நடுத்தரப் பருவில்தான்!

மாத்திரை வந்த கதை

இந்த மாத்திரை வைட்டமின் 'ஏ' இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் டாக்டர் கேரி பெக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். கடுமையான பரு உள்ள 14 பேருக்குக் கொடுத்தார்கள். 13 பேருக்கு முகம் முழுவதும் தெளிந்துவிட்டது! 1979-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியானதும் மருத்துவ உலகம் வியந்தது.

1982-ல் அமெரிக்க அரசு இதை விற்க அனுமதித்தது. பிறகுதான் துயரம் தொடங்கியது. இதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் சிலருக்கு ஊனமான குழந்தைகள் பிறந்தன. காது இல்லாமலும், இருதயமும் மூளையும் பழுதுபட்டும் பிறந்தன. கருச்சிதைவுகளும் ஏற்பட்டன.

அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2006-ல் அமெரிக்காவில், மருந்து எழுதும் டாக்டர், விற்கும் கடைக்காரர், சாப்பிடும் நோயாளி ஆகிய மூவருமே பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

முதலில் என்ன செய்வது?

நடுத்தரப் பருவுக்கு எடுத்த எடுப்பில் இந்த மாத்திரை வேண்டியதில்லை. முதலில் பூசும் மருந்து. 'பென்சாயில் பெராக்சைடு', 'அடாபலீன்' என்ற இரண்டும் முக்கியமானவை. முன்னது கிருமியைக் கொல்லும்; பின்னது அடைப்பை எடுக்கும். (பென்சாயில் பெராக்சைடு பூசினால் துண்டும் தலையணை உறையும் சாயம் வெளுத்துவிடும். பழைய வெள்ளைத் துணியை உபயோகியுங்கள்.)

இரண்டு நாள் பூசிவிட்டு, "ஒன்றும் குணம் இல்லை" என்று எறிந்துவிடக் கூடாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

அதிலும் குணம் இல்லாவிட்டால், பூசும் மருந்தோடு 'டாக்சிசைக்ளின்' போன்ற கிருமிக்கொல்லி மாத்திரையைச் சுமார் மூன்று மாதம் கொடுப்பார்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராமல், முகத்தில் மயிரும் முளைத்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' கிரீம் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசியதும் பளபளக்கும். நிறுத்தியதும் பரு இரண்டு மடங்காகக் கிளம்பும்!

மாத்திரை யாருக்கு?

மேலே சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பரு அடங்கவில்லையா? ஆறும் இடங்களில் பள்ளம் விழுகிறதா? முகத்தைக் காட்டக் கூசி, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் போக மறுக்கிறானா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், பரு நடுத்தரமானதுதானே என்று தள்ளிப் போட வேண்டாம். இந்த மாத்திரையைப் பற்றித் தோல் டாக்டரிடம் பேசலாம். விழுந்த பள்ளத்தைத் தூர்ப்பது கஷ்டம். விழாமல் தடுப்பதே சுலபம்.

பரு சில மட்டுமே, பள்ளம் இல்லை, பூசும் மருந்தில் குறைந்து வருகிறது என்றால், மாத்திரை எதற்கு?

எவ்வளவு? எத்தனை நாள்?

உடம்பின் எடையைப் பார்த்து அளவு சொல்வார்கள். எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை என்பது பழைய கணக்கு. 50 கிலோ எடை உள்ளவருக்கு 25 முதல் 50 மில்லிகிராம். நடுத்தரப் பருவுக்கு இதைவிடக் குறைவாகவும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் நாலு முதல் ஆறு மாதம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் கூடாது. சாப்பாட்டோடு விழுங்க வேண்டும்.

முதல் மாதத்தில் பரு சற்று அதிகமாகலாம். பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். உதடு உலர்ந்து வெடிப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. வாசலின் தடவிக்கொள்ளலாம். கண் உலரலாம். மூக்கில் ரத்தம் கசியலாம். உடம்பு வலிக்கலாம். கல்லீரலையும், ரத்தத்தில் உள்ள கொழுப்பையும் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன்பும் இடையிலும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

வைட்டமின் 'ஏ' மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் ஆகியவற்றை இதோடு சேர்க்கக் கூடாது. டாக்சிசைக்ளினையும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடலாம்.

மனதையும் கவனியுங்கள்

இதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகச் செய்தி உண்டு. மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகவில்லை. பருவே மனதை வாட்டக்கூடியது அல்லவா? ஆனாலும் பிள்ளை பேசாமல் ஒதுங்கினால், தூங்காமல் கிடந்தால், பெற்றோர் அதைக் கவனித்து உடனே டாக்டரிடம் போக வேண்டும். பிரிட்டனில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரையைத் தொடங்க, மருத்துவத் துறையினர் இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் விதி செய்தார்கள்.

அண்ணன் மாத்திரை தங்கைக்கு ஆகாது!

ஆண்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் அண்ணனுக்குக் குணம் கண்டது என்று, மீதி மாத்திரையைத் தங்கைக்கோ அண்ணிக்கோ கொடுக்கக் கூடாது.

சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும், ஆணோ பெண்ணோ ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

கலியாணமான பெண்கள், கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு மாதமும், சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சமாகத்தானே சாப்பிட்டேன்" என்பது இங்கே செல்லாது. கருவில் உள்ள குழந்தைக்கு ஆபத்து இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது.

முகூர்த்தமும் மாத்திரையும்

நம் வீடுகளில் பெண்ணின் பருவைப் பற்றிய கவலை, கலியாணப் பேச்சு எழும்போதுதான் வருகிறது. "முகூர்த்தத்துக்குள் முகம் தெளிய வேண்டும்" என்று அவசரப்படுகிறார்கள். இந்த அவசரம் ஆபத்தானது. மாத்திரை பாதியில் இருக்கும்போது கலியாணம் நடந்து, அடுத்த மாதமே பெண் கர்ப்பமானால், அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

ஆகவே முதலில் கணக்குப் போடுங்கள். தை மாதம் மாத்திரையைத் தொடங்கினால், ஆனி முடிய ஆறு மாதம். ஆடி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம். அதற்கு முன்பே தேதி குறித்துவிட்டால், டாக்டரிடம் அதை முதல் நாளே சொல்லுங்கள். அவர் பூசும் மருந்தோடு நிறுத்திக்கொள்வார். மாத்திரையைக் கலியாணத்துக்குப் பிறகு யோசிக்கலாம். மருந்துச் சீட்டு எழுதும் முன், அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.