அடைக்கலப் பூனைகள் – 6: பாலைக் காய்ச்சுமுன்…

தாயோடு வரும் குட்டிகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அது சுலபம். தாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, மணல் தட்டைச் சுத்தமாக வைத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த வாரம் தாயில்லாமல், கண்கூடத் திறக்காமல், செருப்பு டப்பாவில் வந்து சேரும் குட்டிகள்.

குட்டி கத்தியதும் வீட்டுப் பெரியவர்கள் பாலைக் காய்ச்சப் போவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தால் குடலும் வேலை செய்யாது. அந்த நிலையில் ஊட்டும் பால் செரிக்காமல் தங்கி, குட்டியின் உயிருக்கே உலை வைக்கும். முதலில் சூடுதான். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளும்.

அடுத்தது பால். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் கண்டுவிடும். இத்தனூண்டு உடம்பிலிருந்து நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. பூனைக்குட்டிகளுக்கென்றே செய்த பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், வேறு வழியில்லை. ஊட்டும்போது கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்வது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது எப்படிக் கிடக்குமோ அப்படியே, வயிறு கீழே இருக்கும்படி வைத்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை. ராத்திரியும் விடுதலை இல்லை. காலையில் ஆபீஸ் போக வேண்டியவர்கள் இந்த வயதுக் குட்டியை ஏற்காமலிருப்பதே நல்லது. அவர்களுக்கு இரண்டு மாதக் குட்டிகள் இருக்கின்றன.

சுமார் மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கவும் முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் துடைத்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டாலே உஷாராகுங்கள். குறைந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். நீங்களாக எந்த மாத்திரையும் தராதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒன்றே வளர்ந்த பூனையையும் கொல்லும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், வந்த குட்டி இரண்டு வாரம் தனி அறையில்தான் இருக்க வேண்டும். குளியலறையானாலும் சரி. பான்லூகோபீனியா என்ற வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரைகூடக் கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போய்விடும். ஃபினாயிலை நம்பாதீர்கள், அது பூனைக்கே நஞ்சு. தண்ணீர் கலந்த பிளீச்சிங்தான் இந்த வைரஸைக் கொல்லும். துடைத்த தரை நன்றாகக் காய்ந்த பிறகே குட்டியை விடுங்கள். சாத்தி வைக்க ஒரு கதவுகூட இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குட்டிகளை ஏழு வீடு மாற்றும் பூனை என்பார்கள். மாடிப்படிக்கடியில் தனியாகக் கிடக்கும் குட்டிகள் அப்படிப் பாதி வழியில் வைக்கப்பட்டவையாக இருக்கலாம். உடம்பு சுத்தமாக, வயிறு நிறைந்து தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆபத்தான இடமில்லையென்றால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வந்தால், குட்டிகளை அதனிடமே விட்டுவிடுங்கள்.

(அடுத்த வாரம்: தத்துக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது?)