நாய்க்கு ஏன் இந்த ஓயாத அரிப்பு?

நாய்களுக்கு வரும் தோல் நோய்களில் ஒவ்வாமைக்கு முன்வரிசை இடம் உண்டு. அதில் ஒரு வகையான அடோபிக் டெர்மடைடிஸ் மட்டுமே 100 நாய்களில் 10 முதல் 15 நாய்களுக்கு இருக்கலாம் என்பது கால்நடை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மனிதருக்கு ஒவ்வாமை பெரும்பாலும் தும்மலாகவும் மூக்கொழுகலாகவும் வரும். நாய்க்கு அரிப்பாக வருகிறது.

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகள், மகரந்தம், பூஞ்சைத் துகள்கள் ஆகியவையே அடோபிக் வகையைத் தூண்டுகின்றன. இது பரம்பரையாகவும் வரும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பாக்ஸர் போன்ற இனங்களில் அதிகம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டிவிடும். நாய் பாதங்களை விடாமல் நக்கும்; வெளிர் நிற நாயானால் எச்சில் பட்டுப் பட்டு விரலிடுக்கு முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிடும். காது, அக்குள், அடிவயிறு சிவக்கும்.

அரிப்பு வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பிலும் என்றால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணம் அதன் எச்சில் என்பதால் நாலைந்து கடியே போதும். உடம்பில் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாமலிருக்கலாம். முடியைச் சீவி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். செரித்த ரத்தம் அடங்கிய பூச்சிக் கழிவு அது.

உணவு ஒவ்வாமைக்கு மாட்டிறைச்சி, கோழி, பால், கோதுமை ஆகியவை முக்கியக் காரணங்கள். பல காலம் ஒத்துக்கொண்ட உணவே ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். இதை உறுதிசெய்ய, நாய் இதுவரை உண்ணாத ஓர் உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண்.

இவற்றையெல்லாம் வெறும் சொறி என்று நினைத்து மண்ணெண்ணெய் தடவுவது கொடுமை. புண்ணான தோல் வெந்துபோகும். நாய் அதை நக்கினால் உடம்புக்குள்ளும் நஞ்சு போகும். சொறிந்த இடத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகித் துர்நாற்றம் வீசினால், முதலில் அந்தத் தொற்றுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும்.

அடோபிக் வகையை அடியோடு குணப்படுத்துவது அரிது, கட்டுக்குள் வைக்கலாம். ஸ்டீராய்டு விரைவில் அரிப்பை அடக்கும், ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் பக்கவிளைவுகள் உண்டு. அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற ஒக்லாசிடினிப் மாத்திரையும், அதன் பின் வந்த லோகிவெட்மாப் ஊசியும் அரிப்பைத் தூண்டும் சமிக்ஞைகளையே தடுக்கின்றன. ஒவ்வாத பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதன் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம்.