மழை பெய்யும் பாலை

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் இராசத்தானத்து மணற்குன்றுகளும் ஒட்டக வரிசையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அவற்றைக் காண இரண்டு நாள் இரயிலில் செல்ல வேண்டும் என்று எண்ணுகிறோம். ஆனால், காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில், நம் பெரம்பலூர் மாவட்டத்திலேயே ஒரு பாலை இருக்கிறது. மாணவப் பருவத்தில் அங்கே நண்பர்களோடு ஒரு நாள் சென்றேன். நால்வராகச் சென்ற நாங்கள் மூவராகத் திரும்பியிருக்கக் கூடும். அந்த நாளின் செய்தியையும், அது எனக்குக் கற்பித்ததையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1984-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். தேர்வு முடிந்த விடுமுறை. எங்களுள் ஒருவனுடைய ஊர் ரஞ்சன்குடி. முதல்நாள் மாலையே அவன் வீட்டில் கூடிவிட்டோம். விடியற்காலையில் ஊர்க் கோட்டைமீது ஏறினோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் போவோர் யாவரும் கண்டிருக்கக்கூடிய கோட்டை அது. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. செதுக்கிய கற்களால் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பது. சுற்றிலும் அகழி உடையது. அதற்கு அண்மையிலுள்ள வாலிகண்டபுரத்துப் பகுதியில், 1751-ஆம் ஆண்டு, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தமக்கு வேண்டிய நவாபுக்குத் துணைநின்று மோதினர். இந்தக் கதையை அன்று நாங்கள் ஆர்வத்தோடு பேசினோம். நீரைத் தேக்கி வைக்காத கோட்டை ஒரு முற்றுகையையும் தாங்காது என்பதை அகழியைப் பார்த்தும் நாங்கள் எண்ணவில்லை.

புறப்படும்போது நண்பனின் பாட்டி வாசலுக்கு வந்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க, கண்ணுகளா! தண்ணி இன்னும் கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். சுமை எதற்கு என்று சிரித்துவிட்டு, இரண்டு கூஜா நீரோடு பேருந்தேறினோம். பெரம்பலூரைக் கடந்து, நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, காரை என்னும் சிற்றூரை அடைந்தபோது மணி பத்தாகிவிட்டது.

ஊரைத் தாண்டிச் சிறிது தொலைவு நடந்ததும் பசுமை திடீரென்று நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை வெளிறிய மஞ்சளும் சாம்பலும் பழுப்புமான களிமண் மேடுகள். மேடுகளுக்கிடையே ஆயிரக்கணக்கான ஓடைப் பள்ளங்கள். மரம் இல்லை, நிழல் இல்லை, பறவையின் குரலும் இல்லை. தரையெங்கும் ஜிப்சக் கற்கள் உடைந்த கண்ணாடிபோல் மின்னின.

எங்களுள் புவியியல் பயிலும் நண்பன் ஒருவன் இருந்தான். அவன் குனிந்து, துப்பாக்கிக் குண்டுபோன்ற ஒரு கல்லைக் காட்டினான். அது பெலம்னைட் என்னும் கடலுயிரின் உடற்பகுதி. கணவாய் மீனின் பழைய உறவு அது. சற்று அப்பால், சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற அம்மோனைட்டின் சுவடும் கிடந்தது. ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் கடலுக்கடியில் இருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சேறே இன்று நம் காலடியிலுள்ள களிமண். இன்றைய கடற்கரையோ அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இப்பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிளான்போர்டு என்னும் அறிஞர் வகுத்தார். அவரது நூல் 1860-களிலேயே வெளிவந்தது. அதே வட்டாரத்துச் சாத்தனூரில், பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் ஒன்று உண்டு. அதனை 1940-இல் உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன்.

இங்கே ஒரு வினா எழும். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பாலைவனம் என்பது பொதுவழக்கு. பெரம்பலூர்ப் பகுதியோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மிகுதியாக மழை பெறுகிறது. பின் காரை ஏன் இப்படிக் கிடக்கிறது? குற்றம் வானத்தினுடையது அன்று. மண்ணின் இயல்பே காரணம். இக்களிமண் ஈரம் பட்டதும் பருத்துத் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடி, மண்ணையும் அரித்துச் செல்லும். வெயில் வந்ததும் களிமண் சுருங்கி வெடித்துப் பொரிபோல் உதிரும். அடுத்த மழை அந்தப் பொரியையும் வாரிக்கொண்டு போகும். விதை வேரூன்றுவதற்கு நீரும் நிற்பதில்லை, மண்ணும் நிற்பதில்லை. பெய்தும் தங்காத மழை பெய்யாத மழைக்கு ஒப்பாகிவிடுகிறது. உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய அரிநிலங்கள் உண்டு. அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டாவிலுள்ள அரிநிலம் பெயர்பெற்றது.

இவற்றையெல்லாம் கேட்டு வியந்துகொண்டே ஓடையிலிருந்து ஓடைக்குத் தாவினோம். அங்கேதான் பிழை நேர்ந்தது. ஓர் ஓடையின் வழியே உள்ளே சென்றவன், அதே ஓடையின் வழியே எளிதில் வெளியே வந்துவிடலாம். நாங்களோ மேடுகளின்மேல் ஏறி அப்புறத்து ஓடைகளில் இறங்கி, மீண்டும் ஏறி, மீண்டும் இறங்கினோம். எல்லா மேடுகளும் ஒன்றுபோல் இருந்தன. நடுப்பகலில் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடந்ததால் திசையும் புலப்படவில்லை. மேட்டின் விளிம்பில் கால்வைத்தால் மண் உதிர்ந்து சரிந்தது. பள்ளத்தில் நின்றால் காற்றே இல்லை. கூஜாக்கள் இரண்டும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே காலியாகிவிட்டன.

எங்களுள் வலிமை மிக்கவன் ஓட்டப்பந்தய வீரன். முதலில் தளர்ந்தவன் அவனே. தலைவலி என்றான், உட்கார்ந்தான், பிறகு எங்கள் பெயர்களை மாற்றி மாற்றி அழைத்துப் பிதற்றத் தொடங்கினான். அவன் நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது.

அன்று அறியாததை இன்று அறிவேன். நம் உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியசில் நிலைத்திருக்க வேண்டும். வெயிலில் உழைக்கும்போது வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. கடுமையாக உழைப்பவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேலான நீரை இவ்வாறு இழக்கக்கூடும். இழந்ததை ஈடுசெய்யாவிட்டால் குளிர்விக்கும் ஏற்பாடு தளர்ந்துபோகும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறினால் அது வெறுங்களைப்பு அன்று, உயிருக்கே ஆபத்து.

நாங்கள் கூவிய குரல் ஓர் ஆடு மேய்ப்பவர் காதில் விழுந்தது. முதியவர்; தோளில் துண்டு, கையில் தூக்குப்பாத்திரம். வந்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நண்பனைத் தூக்கச் சொல்லி, ஓடையின் வளைவில் சற்று நிழல் விழுந்த இடத்தில் கிடத்தினார். சட்டையைக் கழற்றி, தம் துண்டை நீராகாரத்தில் நனைத்து, கழுத்திலும் மார்பிலும் ஒற்றி விசிறச் செய்தார். உடனே குடிக்கக் கொடுக்க முனைந்த என் கையைத் தடுத்தார். நினைவு தெளிந்து அவன் தானாகக் கை நீட்டிய பிறகே, உப்பிட்ட நீராகாரத்தைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். அது தம் பகலுணவு என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பின்னர் வழி கேட்டோம். "மேட்டுமேல ஏறாதீங்க, தம்பி. தண்ணி எப்படிப் போச்சோ அப்படியே போங்க, ஊரு வந்துடும்" என்றார். எவ்வளவு பெரிய உண்மை! ஓடைகள் ஒரு மரத்தின் கிளைகளைப் போன்றவை. மேல்நோக்கிச் சென்றால் ஒன்று நூறாகப் பிரியும். கீழ்நோக்கிச் சென்றால் நூறும் ஒன்றாகக் கூடும். அவர் சொன்னபடியே, நண்பனைத் தாங்கிக்கொண்டு ஓடையின் போக்கிலே நடந்தோம். ஒரு மணி நேரத்தில் பனைமரங்கள் தெரிந்தன, பிறகு வயல், பிறகு ஊர். அன்று மாலையே மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு நாளில் நண்பன் எழுந்து நடமாடினான்.

தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் கூறவில்லை. வேனிற்காலத்தையும் நண்பகலையும் அதன் பொழுதுகளாகக் கூறினார். தன் நீரை இழந்த எந்த நிலமும் பாலையாகும் என்பதே இதன் உட்கருத்து என்று அன்று உணர்ந்தேன். நிலத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? நீரை இழந்த நண்பனின் உடலும் அந்த நண்பகலில் ஒரு பாலையாகத்தான் கிடந்தது.

மாணவர்களே! காரைக்குச் செல்லுங்கள், கட்டாயம் செல்லுங்கள். ஆனால் மாசி, பங்குனி வருவதற்கு முன் செல்லுங்கள். காலையில் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். மழை மேகம் திரண்டிருந்தால் ஓடைக்குள் இறங்காதீர்கள். வழியறிந்த உள்ளூரார் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். உடன் வந்தவர் பிதற்றத் தொடங்கினால் நிழல், நனைந்த துணி, விசிறி ஆகியவற்றை முதலில் நாடி, 108 ஊர்தியை உடனே அழையுங்கள். பத்துக்கோடி ஆண்டு காத்திருந்த சுவடுகளைக் கண்ணால் கண்டு, கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள். அடுத்து வருபவனும் படிக்க வேண்டிய ஏடு அது.

அந்த முதியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்கள் நால்வரில் ஒருவனுக்கும் அன்று தோன்றவில்லை. இப்போதும் நீர் நிறைந்த பாத்திரம் இல்லாமல் நான் வீட்டுப்படி இறங்குவதில்லை. அதில் பாதி, வழியில் எதிர்ப்படும் யாரேனும் ஒருவருக்காக.