தேய்க்காதீர்கள், ஆறவிடுங்கள்!

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு இரும்பின் பகைவன் யாரென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் யன்னற் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும். சுரண்டு, தேய், மீண்டும் பூசு என்பதே கப்பற் பட்டறைகள் நமக்குக் கற்பித்த பாடம். பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டில் இங்கிருந்த தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்ற பின்னரும் அப்பாடம் நம் கைகளில் தங்கிவிட்டது. ஆனால், அப்பாடம் சற்றும் பொருந்தாத வர்ணமொன்று இன்று நம்மூர் வாசல்களிலும் வந்து நிற்கின்றது. கீறல் விழுந்தால் தானே ஆறிக்கொள்ளும் மோட்டார் வண்டி வர்ணமே அது.

எங்கள் அயலில் வாழும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், தமது பணிக்கொடைப் பணத்தில் யப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார் ஒன்றை வாங்கினார். ஒருநாட் காலை, தாத்தாவை மகிழ்விக்க எண்ணிய பேரன், சலவைத் தூளும் தேங்காய்த் தும்பும் கொண்டு அதனைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டான். வெயில் ஏறியதும் காரின் முகப்பெங்கும் சிலந்தி வலைபோல் நுண்ணிய கீறல்கள் மின்னின. பெரியவர் வாய்திறவாது திண்ணையில் அமர்ந்துவிட்டார். பையனோ அன்று மதியம் சோறுண்ண வரவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, இயந்திரத்தால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றினாலன்றி இது போகாது என்று கூறி, ஒரு பெருந்தொகையையும் சொல்லிச் சென்றார்.

காருடன் வந்த கைந்நூலைப் புரட்டியபோதுதான், அதன் மேற்பூச்சு கீறலை ஆற்றவல்லது என்பது தெரிந்தது. “மூன்று நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள் ஐயா” என்றேன். “என்ன மாஸ்ரர், புண் ஆறுவதுபோல் வர்ணமும் ஆறுமோ?” என்றார் அவர்.

ஆறும் என்பதே உண்மை. 2005ஆம் ஆண்டு டிசம்பரில், நிப்பொன் பெயின்ற் நிறுவனத்துடன் சேர்ந்து தாம் உருவாக்கிய இத்தகைய பூச்சொன்றை நிசான் நிறுவனத்தார் உலகுக்கு அறிவித்தனர். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் ஒரு நிறமற்ற படை உண்டு. சாதாரணக் கார்களில் அது கடினமானது; கீறினால் கீறியபடியே நிற்கும். இப்புதிய பூச்சிலோ மீள்தன்மை மிக்க பிசின் சேர்க்கப்பட்டுள்ளது. இலவம்பஞ்சு மெத்தையில் கையை ஊன்றி எடுத்தால், பள்ளம் மெல்ல மெல்ல எழுந்து நிரம்புவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே இப்பிசினின் மூலக்கூற்று வலையும் அமுங்கியபின் பழைய நிலைக்கு மீள முயல்கின்றது. நுண்கீறல் ஆறுவதற்கு, வெப்பத்தையும் கீறலின் ஆழத்தையும் பொறுத்து, ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை செல்லுமென்று நிசான் கூறிற்று. வெப்பம் கூடினால் மீட்சியும் விரைவாகும். குளிர்நாட்டார் காத்திருக்க வேண்டிய இடத்தில், நமக்கு நண்பகல் வெயிலே மருந்தாகின்றது!

எனினும், இம்மருந்துக்கும் எல்லையுண்டு. அமுங்கிய பள்ளம் எழும். அறுந்துபோன இடம் ஒட்டாது. நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படும் கீறல் பெரும்பாலும் ஆறாது. திறப்பால் கீறி உலோகம் தெரியுமாயின், வெயிலை நம்பியிருத்தல் பேதைமை. நமது உவர்க்காற்றில் துரு வெகுவிரைவில் ஊன்றிவிடும். அவ்விடத்தை உடனே கழுவி உலர்த்தி, வர்ணம் தொட்டு மூடவேண்டும். சாதாரணப் பட்டறையில் முன்னர் மீளப் பூசப்பட்ட பாகத்துக்கு இவ்வாற்றல் இராது என்பதையும், பழைய கார் வாங்குவோர் நினைவிற் கொள்க.

இனி, மெருகேற்றும் கதைக்கு வருவோம். அராவும் பசையிட்டுத் தேய்ப்பது கீறலை ஆற்றுவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுப்பதே ஆகும். அந்த நிறமற்ற படையோ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு தடிப்பே உடையது. தானே ஆறக்கூடிய கீறலுக்காக அதனைத் தேய்ப்பது, ஆற்றும் மருந்தையே சுரண்டி எறிவதற்கு ஒப்பாகும். ஆதலால், முதலிற் காத்திருங்கள். ஒரு வாரத்தின் பின்னும் எஞ்சியவற்றை மட்டும், இவ்வகைப் பூச்சை அறிந்தவரிடம் காட்டுங்கள். பளபளப்பு வேண்டுமாயின், அராவுபொருள் கலவாத மெழுகே போதும். அதனையும் கைந்நூல் அனுமதிக்கின்றதா என்று பார்த்துப் பூசுங்கள்.

கழுவும் முறையும் எளிதே. உலர்ந்த துணியால் தூசு தட்டலாகாது. கச்சான் காற்றுக் கொணரும் மணல் அத்துணியை அரமாக்கிவிடும். முதலில் நீரை நிறையப் பாய்ச்சி மணலையும் உப்பையும் அகற்றுக. பின்னர் நிழலில் நிறுத்தி, காருக்குரிய மென்மையான சம்பூவும் மெத்தென்ற துணியும் கொண்டு கழுவுக. சவர்க்காரத்துக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி என இரண்டு வைத்திருத்தல் நன்று. கிணற்று நீரைத் தானே காயவிட்டால் சுண்ணப் புள்ளிகள் தங்கும், உடனே துடைத்துவிடுக. காக்கை எச்சத்தையும் மரப்பாலையும் காணும்போதே நனைத்து நீக்குக. அவை பூச்சை அரிக்கும் வடு, கீறல்போல் ஆறுவதன்று.

அயலவரின் கார் மூன்று நாள் முற்றத்து வெயிலில் நின்றது. நான்காம் நாட் காலை அவரே படலைக்கு வந்து என்னை அழைத்தார். வலைபோற் படர்ந்திருந்த கீறல்களைக் காணோம். நகத்தில் தட்டுப்பட்ட இரண்டு மட்டும் ஓரத்தில் எஞ்சியிருந்தன. பட்டறைக்குக் கொடுக்கவிருந்த பணம் அவரது பெட்டியிலேயே தங்கிற்று.

இப்போதும் ஞாயிறுதோறும் காரைக் கழுவுபவன் அப்பேரன்தான். இரண்டாவது வாளியைப் பிடித்தபடி பாட்டனார் அருகே நிற்கிறார். “தேய்க்காதையடா, தடவு” என்று அவர் சொல்லும் குரல் எங்கள் வேலிக்கு அப்பாலிருந்து கேட்கிறது.