விடியலில் மீன் பிடிக்க எந்த நிறக் கண்ணாடி?

கண்ணுக்குக் குளிர்ச்சி என்று கறுப்புக் கண்ணாடி அணிவோரை நாம் எங்கும் காண்கிறோம். கறுப்பு அடர்ந்திருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்பது பலரது எண்ணம். உச்சி வெயிலில் நிற்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். விடியற்காலையில் தூண்டிலோடு நீர்க்கரையில் நிற்பவருக்கோ கண்ணைத் துணியால் கட்டியது போலத்தான்!

நமக்கு அருகில் கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. அதன் முழு நீர்மட்டம் 46 அடி. மலை மேற்கே நிற்பதால், கள்ளக்குறிச்சியில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே அணையோரம் மங்கத் தொடங்கிவிடும். மீன்கள் கரையோரம் இரை தேடி வருவதும் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். விரால் மீன் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்து போகும். அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய்த் திரிய, தாயும் தந்தையும் காவல் நிற்கும். (அந்தக் கூட்டத்தைக் கண்டால் விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.) இவற்றையும், நீருக்குள் கிடக்கும் பாறை, முள், அடிமரம் ஆகியவற்றையும் பார்த்தால்தானே காலை எடுத்து வைக்க முடியும்?

பார்க்க விடாமல் தடுப்பது இருள் மட்டுமன்று. நீரின் மேல் பளபளக்கும் வானத்தின் ஒளியும்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பியபோது, நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியின் வழியே கடலைப் பார்த்தார். மேலே பட்டுத் திரும்பும் ஒளி அணைந்தது. ஆழ்ந்த நீலம் மட்டும் நின்றது! கடலின் நிறம் வானத்தின் பிரதிபிம்பமே என்ற பழைய கருத்தை அவர் மறுத்தது இப்படித்தான். இன்று கடைகளில் விற்கும் போலரைஸ்டு கண்ணாடி செய்வதும் இதே வேலையே. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். இக்கண்ணாடி அதைத் தடுத்து, செங்குத்தாக அதிர்வதை மட்டும் விடும். கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை சாய்த்து நீரைப் பார்க்கும்போது பலன் மிக அதிகம். நேர் கீழே குனிந்து பார்த்தால் பலன் குறைவு.

ஆனால் போலரைஸ்டு கண்ணாடி, தானாகவே வரும் வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். அதன்மேல் அடர்ந்த கறுப்புச் சாயமும் இருந்தால் விடியலில் என்ன மிஞ்சும்? எனவே அந்நேரத்துக்கு வெளிர் மஞ்சளோ, வெளிர் செம்பு நிறமோ ஏற்றது. இவை நீல ஒளியைக் குறைக்கும். காற்றில் அதிகம் சிதறிப் பார்வையை மங்கச் செய்வது நீலமே ஆதலால், விளிம்புகள் தெளிவாகத் தெரியும். ஐப்பசி மழைக்குப்பின் செம்மண் கலந்து வரும் நீருக்குச் செம்பு நிறம் பொருத்தம். சாம்பல் நிறத்தை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் கண்ணாடி போட்டால் உலகமே பிரகாசமாகிவிட்டது போலத் தோன்றும். அது தோற்றமே! எந்தக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் கூட்டாது. நன்றாக இருட்டியபின் மஞ்சளும் உதவாது. அந்தியில் செம்பருத்திப் பூவைப் பாருங்கள்: பூ கறுத்துப்போகும், இலை மட்டும் வெளிறித் தெரியும். மங்கலில் நம் கண்ணின் கோல் செல்கள் வேலையை ஏற்கின்றன. அவை நீலப்பச்சையை நன்றாக உணரும், சிவப்பை உணரா. நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி அப்போது அவற்றின் உணவையே பறிக்கிறது. ஆகவே இருட்டியதும் கழற்றிப் பையில் போடுவதே அறிவு. இரவில் வண்டி ஓட்டுவோருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. நிறம் வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிவதால் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகக்கூடும். பல ஆண்டு வெயிலில் நிற்போருக்குக் கண்புரையும் சதை வளர்ச்சியும் வருவதற்கு இக்கதிரும் ஒரு காரணம். புரையை அறுவை செய்து நீக்கலாம். பார்வை நரம்பு கெட்டால் பெரும்பாலும் மீளாது. 2024 ஜூனில் எங்கள் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களில் சிலரது பார்வையையும் கெடுத்தது. அதன்பின் கண்ணைப் பற்றிய பேச்சு எங்களுக்கு விளையாட்டாக இல்லை.

கடைக்குச் செல்லும் தந்தையரும் அண்ணன்மாரும் இரண்டைப் பார்க்க வேண்டும். யுவி 400 என்ற குறிப்பு இருக்கிறதா? பிரேமின் உட்பக்கம் 0 முதல் 4 வரை எண் இருந்தால் அது என்ன? 3 என்றால் 8 முதல் 18 விழுக்காடு ஒளியே உள்ளே வரும். 1 என்றால் 43 முதல் 80 விழுக்காடு. விடியலுக்கு எண் சிறியதாக இருக்கட்டும். போலரைஸ்டு என்று கடைக்காரர் சொன்னால், அவர் மேசைமேல் உள்ள கால்குலேட்டரைக் கண்ணாடி வழியே பார்த்து, கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் எண்கள் தெரியாமல் திரை கறுத்தால் உண்மையானது. கறுக்கவே இல்லையென்றால், அந்த விலைக்கு அது வெறும் நிறக் கண்ணாடிதான்.